இறுக்கமும் தளர்வும்

வாசலில் நிற்கும் காரின் முன்மூடியைத் திறந்து பார்க்கும் வழக்கம் நம்மில் பலருக்கு இல்லை. ஓடும் வரையில் ஓடட்டும், நின்றுவிட்டால் மெக்கானிக் இருக்கிறார் என்பதே நம் கொள்கை. நாமும் பல ஆண்டுகள் அந்தக் கொள்கையோடுதான் வாழ்ந்து வந்தோம். அதை நம்மிடமிருந்து பறித்தது ஒரு கீச்சொலி.

பஜ்ருத் தொழுகை முடிந்து, கடற்காற்று இன்னும் ஈரமாக வீசும் வேளையில் வண்டியைக் கிளப்பினால், எஞ்சினின் பக்கவாட்டிலிருந்து ஒரு கூரிய ஓசை எழும். ஒரு நிமிடம் கத்திவிட்டு ஓய்ந்துவிடும். புதுச்சேரியின் பழைய முஸ்லிம் வீதிகள் குறுகலானவை. ஒரு வீட்டுத் தாளிப்பு எதிர்வீட்டில் தும்மலை வரவழைக்கும். ஆகவே நம் வண்டியின் ஓசை தெருவுக்கே பொதுவாயிற்று. தெருமுனை மெக்கானிக் ஒரு நாள் நின்று கேட்டுவிட்டுச் சொன்னார்:

“பெல்ட் கத்துது பாய். பெல்ட்டுல தப்பில்ல, டென்ஷனர் தேஞ்சு போச்சு. தள்ளிப் போடாதீங்க, மாத்திடுங்க.”

“இன்ஷா அல்லாஹ், பார்ப்போம்” என்றோம்.

இந்தச் சொல்லைப் பற்றி இங்கே ஒரு வார்த்தை கூற வேண்டும். இறைவன் நாடினால் என்பது, முயற்சியில் இறங்கிய மனிதன் தன் வலிமையின் எல்லையை உணர்ந்து கூறும் சொல். முயலவே எண்ணாதவன் தன் சோம்பலின் மீது போர்த்திக்கொள்ளும் போர்வையாக அதை ஆக்கிக்கொண்டோம். ஒட்டகத்தைக் கட்டிவிட்டு இறைவனை நம்பச் சொன்ன நபிமொழியை அறியாதார் நம்மில் யார்? அறிந்திருந்தும் இரண்டு மாதங்கள் நம் ஒட்டகத்தைக் கட்டாமலே விட்டிருந்தோம்.

ஐப்பசி மழை தொடங்கிய பிறகு, காரைக்காலில் இருக்கும் நம் சகோதரியைப் பார்க்கத் தாயாரை அழைத்துச் சென்றோம். கடலூர், சிதம்பரம், சீர்காழி வழியாக ஏறத்தாழ 130 கிலோமீட்டர். போகும்போது ஒன்றும் நேரவில்லை. திரும்புகையில் இருட்டிவிட்டது; மழையும் பிடித்துக்கொண்டது. முகப்பு விளக்குகள், கண்ணாடித் துடைப்பான், கண்ணாடியில் பனி படியாதிருக்க ஏ.சி. என எல்லாம் ஒருசேர ஓடிக்கொண்டிருந்தன. கொள்ளிடம் பாலத்தை நெருங்குகையில் அந்தக் கீச்சொலி எழுந்தது. இம்முறை அது ஓயவில்லை. முகப்புப் பலகையில் பேட்டரியின் சிவப்பு விளக்கு மினுக்கியது. ஸ்டியரிங் திடீரென்று கனத்தது. பின்னிருக்கையில் எண்பத்து நான்கு வயதுத் தாயார் கண்களை மூடி திக்ரு செய்துகொண்டிருந்தார்கள்.

ஏ.சி.யை நிறுத்தினோம். ஓசை தணிந்தது; விளக்கும் அணைந்தது. மெல்ல ஊர்ந்து, நள்ளிரவுக்குப் பின் வீடு வந்து சேர்ந்தோம். அல்ஹம்துலில்லாஹ். ஆனால் அன்றிரவு உறக்கம் வரவில்லை. பாலத்தின் நடுவில் அந்த வார் அறுந்திருந்தால் இறைவனிடம் என்ன பதில் சொல்வோம் என்ற கேள்வி நெஞ்சில் முள்ளாய் நின்றது.

அந்த வாரின் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறோம். எஞ்சினின் அடியில் சுழலும் கிராங்க் புல்லியிலிருந்து புறப்படும் ஒரே ரப்பர் வார், மின்சாரம் உண்டாக்கும் ஆல்டர்னேட்டரையும், ஏ.சி. கம்ப்ரஸரையும், ஸ்டியரிங்கை இலகுவாக்கும் பம்ப்பையும் சுற்றி வந்து அத்தனையையும் இயக்குகிறது. சில வண்டிகளில் எஞ்சினைக் குளிர்விக்கும் தண்ணீர் பம்ப்பும் அதை நம்பித்தான் ஓடுகிறது. விளக்கும் துடைப்பானும் கூடுதல் மின்சாரம் கேட்கும்போது ஆல்டர்னேட்டர் சுழலக் கனக்கிறது. வாரில் பிடிப்பு இருந்தால் அந்தக் கனத்தைத் தாங்கும். தளர்ந்திருந்தால் புல்லியின் மீது வழுக்கும். வழுக்கலின் அலறலே அந்தக் கீச்சொலி. மழையிரவில் அது மிகுந்ததற்கும், ஏ.சி.யை நிறுத்தியதும் தணிந்ததற்கும் இதுவே காரணம்.

வாருக்கு எப்போதும் ஒரே இறுக்கத்தை அளிப்பதற்காக அமைந்ததே டென்ஷனர். ஓர் உலோகக் கை. அதன் முனையில் பேரிங் பொருத்திய ஒரு சிறு சக்கரம். கையின் அடியில் முறுக்கிய சுருள்வில். வில் கையைத் தள்ள, சக்கரம் வாரை அழுத்துகிறது. வார் நாளடைவில் நீண்டால் கை சற்று நகர்ந்து ஈடு செய்கிறது. எஞ்சினின் துடிப்பால் வார் அதிர்ந்தால் அந்த அதிர்வையும் உள்வாங்கிக்கொள்கிறது. பல்லாயிரம் கிலோமீட்டர் ஓடிய பின் வில் சோர்கிறது. கை ஆடும் மூட்டின் புஷ் தேய்கிறது. பேரிங்கில் மசகு வற்றுகிறது.

அம்பாஸடர் கார்களில் இந்த ஏற்பாடு கிடையாது. 1950களின் பிற்பகுதியிலிருந்து 2014 வரை உத்தரப்பாராவில் உருவான அந்த வண்டிகளில், ஓட்டுநரே போல்ட்டைத் தளர்த்தி, டைனமோவையோ ஆல்டர்னேட்டரையோ கடப்பாரையால் நெம்பி வாரை இறுக்கி, மீண்டும் போல்ட்டை முடுக்குவார். பிறகு வாரின் நடுவில் கட்டைவிரலால் அழுத்துவார். அரை அங்குலம் அமுங்கினால் சரி. அந்தக் கட்டைவிரலின் வேலையை இன்று சுருள்வில் செய்கிறது.

மறுநாள் மெக்கானிக்கைத் தேடிச் சென்றோம். அவர் கழுத்தில் துளசி மாலையும் இடையில் கறுப்பு வேட்டியுமாக நின்றார். அன்றிரவே சபரிமலைக்குப் புறப்பாடு. திரும்பப் பத்து நாளாகும். அடுத்த செவ்வாயன்று தாயாரை மீண்டும் காரைக்காலுக்கு அழைத்துச் செல்ல வேண்டியிருந்தது. வேறு யாரிடம் போகலாம் என்று கேட்டோம். அவர் நம்மை ஏற இறங்கப் பார்த்தார்.

“நீங்களே மாத்தலாம் பாய். டைமிங் பெல்ட்டா இருந்தா வேணாம்னுதான் சொல்லுவேன். அதுல ஒரு பல்லு தப்பினா எஞ்சினே போயிடும். இது வெளி பெல்ட்டு. நிதானமா செஞ்சாப் போதும். உங்க அத்தா பெரிய ஃபிட்டராச்சே!”

பிறகு தம் கருவிப் பெட்டியையே நம் கையில் கொடுத்து, செய்முறையை ஒவ்வொன்றாகக் கூறினார். அவர் கடைசியாகச் சொன்ன சொல் நம்மைத் தைத்ததை அவர் அறிந்திருக்க மாட்டார்.

நம் தந்தையார் இந்நகரின் பஞ்சாலை ஒன்றில் ஃபிட்டராக இருந்தார்கள். கூரையை ஒட்டி ஓடும் நீண்ட இரும்புத் தண்டிலிருந்து தோல்வார்கள் இறங்கி வந்து எந்திரங்களைச் சுழற்றிய காலம் அது. அறுந்த வாரைத் தைப்பதும், தளர்ந்ததைச் சுருக்கிப் பூட்டுவதும், வழுக்குவதற்குப் பிசின் தடவுவதும் அவர்களின் பணி. இடக்கையின் நடுவிரலில் நுனிக்கணு இல்லை. அதை வார் ஒன்று எடுத்துக்கொண்டது. வீட்டில் சுத்தியலைக்கூட நம்மைத் தொட விட மாட்டார்கள். “கையில் மை படட்டும், கிரீஸ் படக் கூடாது” என்பார்கள்.

அந்தச் சொல்லை அன்பாக எடுத்துக்கொள்ளும் பக்குவம் நமக்கு அன்று இல்லை. கட்டளையாகவும், பிறகு மதிப்பீடாகவும் எடுத்துக்கொண்டோம். கல்லூரி விண்ணப்பத்தில் தந்தையின் தொழில் என்ற இடத்தில் ‘ஃபிட்டர்’ என்று எழுதக் கூசி, ‘ஆலை உத்தியோகம்’ என்று எழுதினோம். கையெழுத்திட வந்த தந்தையார் அதைப் படித்தார்கள். ஒன்றும் கூறாமல் கையெழுத்திட்டார்கள். அந்த மௌனத்தின் பொருளை நாம் ஒருநாளும் கேட்கவில்லை. இனிக் கேட்கவும் வழியில்லை.

கைத்தொழிலை இழிவாக எண்ண நம் மார்க்கம் எங்கே கற்பித்தது? தாவூத் (அலை) அவர்களுக்கு இறைவன் இரும்பை மென்மையாக்கிக் கொடுத்து, போர்க் கவசத்தின் கண்ணிகளைச் சரியான அளவோடு அமைக்கப் பணித்ததை ஸபா அத்தியாயத்தில் ஓதுகிறோம். அரசரும் நபியுமான ஒருவரின் கையில் கொல்லனின் வேலை! தியார்பக்கிரில் அர்துகிய மன்னர்களிடம் பணிபுரிந்த அல்-ஜஸரீ, 1206ஆம் ஆண்டில் தம் எந்திர நூலை நிறைவு செய்தார். நீர் இறைக்கும் பொறிகளையும் கடிகாரங்களையும் உறுப்புறுப்பாக அளவுகளோடு விவரிக்கும் நூல் அது. அவர் ஏட்டறிவோடு நின்றவரல்லர். கையால் செய்து சோதித்துப் பார்த்தவர். இவற்றையெல்லாம் மேடைகளில் பெருமையோடு பேசியிருக்கிறோம். பேசிவிட்டு வீடு திரும்பி, ஒரு ஸ்பானரின் அளவு தெரியாமல் இருந்திருக்கிறோம்.

சனிக்கிழமை மாலை உதிரிப் பாகக் கடையில் டென்ஷனரும் வாரும் வாங்கினோம். பழைய வாரில் வெடிப்பு ஏதும் தெரியவில்லையே, அதையும் மாற்ற வேண்டுமா என்று கேட்டோம். இக்கால வார்களின் செயற்கை ரப்பர் முன்போல் எளிதில் வெடிப்பதில்லை. டயரைப் போல் சிறுகச் சிறுகத் தேயும், கண்ணுக்குப் புலப்படாது என்றார் கடைக்காரர். இரவில் டென்ஷனரின் போல்ட்டில் துரு இளக்கும் எண்ணெயை விட்டு வைத்தோம். கடலோர ஊரில் துருவோடு போராடாமல் எந்த போல்ட்டும் கழலுவதில்லை.

ஞாயிறு காலை எஞ்சின் குளிர்ந்திருக்கையில் முதலில் நோயை உறுதி செய்துகொண்டோம். வண்டியைக் கிளப்பி, எட்ட நின்று, சுழலும் வாரின் மீது சிறிது தண்ணீர் தெளித்தோம். ஓசை நின்றால் புல்லிகள் ஒரே நேரில் இல்லை என்று பொருள். கூடினால் இறுக்கம் போதாது என்று பொருள் என மெக்கானிக் கூறியிருந்தார். ஓசை கூடியது. டென்ஷனரின் கை காய்ச்சல்காரன்போல் நடுங்கிக்கொண்டிருந்தது.

எஞ்சினை நிறுத்திச் சாவியை எடுத்துச் சட்டைப்பையில் போட்டோம். கைலியை மாற்றிக் கால்சட்டை அணிந்தோம். “வாருக்குக் கண் இல்லை” என்று தந்தையார் சொல்வதுண்டு. பேட்டரியின் எதிர்முனையைக் கழற்றினோம். வலது முன்சக்கரத்தை எடுத்துவிட்டு, ஜாக்கியை மட்டும் நம்பாமல் இரும்புத் தாங்கியும் கொடுத்தோம். வார் எந்தப் புல்லியின் மேலே, எதன் கீழே செல்கிறது என்பதை ஒரு தாளில் வரைந்துகொண்டோம். கைவிளக்கைப் பிடித்து நின்றவன் பதினான்கு வயதுப் பேரன்.

நீண்ட பிடியுள்ள ஸ்பானரால் டென்ஷனரின் கையை வில்லுக்கு எதிராகத் திருப்பியதும் வார் தளர்ந்தது. அதை ஆல்டர்னேட்டரிலிருந்து நழுவவிட்டு, ஸ்பானரை விடாமல் பிடித்துக் கையை மெல்லத் திரும்ப விட்டோம். சோர்ந்த வில்லாயினும் விரலை நசுக்கும் வலிமை அதில் உண்டு. வாரில்லாமல் டென்ஷனரின் சக்கரத்தை விரலால் சுழற்றினோம். மணலை அரைப்பதுபோல் ஓசை வந்தது. பக்கவாட்டில் அசைத்தால் ஆடியது. மற்ற புல்லிகளையும் அவ்வாறே சுழற்றிப் பார்த்தோம். அவை ஓசையின்றிச் சுழன்றன. துருப்பிடித்த போல்ட் முதலில் அசைய மறுத்தது. அவசரப்பட்டால் தலை முறியும் என்று நினைவூட்டிக்கொண்டு, சற்று முன்னும் சற்றுப் பின்னுமாகத் திருப்பினோம். கால் மணி நேரம் கழித்து ஒரு முனகலோடு அது இணங்கியது.

புதிய டென்ஷனரைப் பொருத்தி, போல்ட்டை மெக்கானிக் எழுதிக் கொடுத்த அளவுக்கு டார்க் ரெஞ்ச்சால் முடுக்கினோம். அந்தக் கருவி, குறித்த அளவு வந்ததும் ‘டக்’ என்று ஒலித்து, போதும் என்கிறது. மனிதனுக்கும் இப்படியொரு கருவி உள்ளே இருந்தால் எத்தனை வழக்குகள் குறையும்!

இறுக்கம் கூடக்கூட நல்லது என்று எண்ணுவோர் உண்டு. அது பிழை. தளர்ந்த வார் வழுக்குகிறது; மிகையாக இறுகிய வார் தான் தொடும் ஒவ்வொரு பேரிங்கையும் சூடேற்றித் தின்கிறது. பிடிப்பு இறுக்கத்தால் மட்டும் வருவதுமன்று. எவ்வளவு தூரம் வார் புல்லியைத் தழுவுகிறது என்பதாலும் வருகிறது. மரக்கலம் ஓட்டிய நம் மரக்காயர் முன்னோர் இதை அறிவார்கள். துறையிலுள்ள கட்டையில் கயிற்றை இரண்டு மூன்று சுற்றுச் சுற்றிவிட்டால், முனையை ஒரு சிறுவன் பிடித்திருந்தாலும் பெருங்கலம் நிற்கும். 18ஆம் நூற்றாண்டில் ஆய்லர் என்னும் கணித மேதை இதற்குச் சூத்திரம் வகுத்தார். அரவணைப்பு கூடினால் இழுபறி குறைவாகவே போதும் என்பது அச்சூத்திரத்தின் சாரம். குடும்பத் தலைவர்கள் சிந்திக்கத் தக்க செய்தி இது.

இவ்வூருக்கு இந்தப் பாடம் எந்திரத்தால் மட்டும் வந்ததன்று. 1936 ஜூலை 30ஆம் நாள், வேலை நேரத்தைக் குறைக்கவும் உரிமைகளைப் பெறவும் போராடிய பஞ்சாலைத் தொழிலாளர் மீது அன்றைய பிரெஞ்சு ஆட்சியின் படை சுட்டதில் 12 பேர் மாண்டனர். மறு ஆண்டே எட்டு மணி நேர வேலை இங்கே சட்டமாயிற்று. அளவுக்கு மீறி இழுக்கப்பட்ட வார்கள் அன்று அறுந்தன. அந்தத் தலைமுறை வாங்கிக் கொடுத்த எட்டு மணி நேரத்தில்தான் நம் தந்தையார் உழைத்தார்கள். அதனால்தான் மாலையில் நம்மை அருகில் அமர்த்திப் பாடம் ஓதச் செய்ய அவர்களுக்கு நேரம் இருந்தது.

புதிய வாரைத் தாளில் வரைந்தபடி சுற்றினோம். கடைசியில் ஆல்டர்னேட்டர் புல்லியின் மீது ஏற்றி, டென்ஷனரை மெல்ல விட்டோம். வேலை முடிந்தது என்று எழுந்து, முதுகை நிமிர்த்தி, துணியால் கையைத் துடைத்தோம். பேட்டரியை இணைத்துக் கிளப்ப வேண்டியதே மிச்சம்.

பேரன் மட்டும் விளக்கை அணைக்கவில்லை. “நன்னா, கீழ இருக்கிற புல்லில பெல்ட்டு ஒரு கோடு வெளிய நிக்குது” என்றான்.

குனிந்து பார்த்தோம். உண்மைதான். வாரின் உட்புறத்தில் நீளவாக்கில் ஆறு வரம்புகள். புல்லியில் அதற்கேற்ற ஆறு பள்ளங்கள். கிராங்க் புல்லியில் ஐந்து மட்டும் பள்ளத்தில் அமர்ந்திருந்தன. ஆறாவது விளிம்புக்கு வெளியே தொங்கியது. அப்படியே கிளப்பியிருந்தால் புதிய வார் சில நிமிடங்களில் நார் நாராகக் கிழிந்திருக்கும். கிழிந்த நார் வேறெங்கும் புகுந்து பெருஞ்சேதம் விளைத்திருக்கவும் கூடும். கிளப்பும் முன் எஞ்சினைக் கையால் இருமுறை சுழற்றி, ஒவ்வொரு புல்லியையும் மீண்டும் பார்க்க வேண்டும் என்று மெக்கானிக் சொல்லியிருந்தார். முடித்துவிட்டோம் என்ற மகிழ்ச்சியில் அதை நாம் மறந்தே போனோம்.

அந்நேரம் உள்ளிருந்து மருமகளின் குரல் வந்தது. “பரீட்சை வருது, இன்னும் அங்க என்னடா பண்றே? கையெல்லாம் கிரீஸு!” பேரன் நம் முகத்தைப் பார்த்தான். அறுபது ஆண்டுகளுக்கு முன் நாம் தந்தையாரின் முகத்தைப் பார்த்த பார்வை அது. “போய்ப் படி” என்ற சொல் நாவின் நுனி வரை வந்துவிட்டது.

“அரை மணி நேரம் பொறும்மா. இதுவும் படிப்புதான்” என்று பதில் கொடுத்துவிட்டு, ஸ்பானரை அவன் கையில் கொடுத்தோம். விரல்கள் எங்கே இருக்க வேண்டும், எங்கே இருக்கக் கூடாது என்பதைச் சொன்னோம். அவன் டென்ஷனரைத் திருப்பிப் பிடிக்க, நாம் வாரைச் சரியான பள்ளத்தில் அமர்த்தினோம். இருமுறை கையால் சுழற்றினோம். எல்லாப் புல்லிகளையும் விளக்கடித்துப் பார்த்தோம். பிறகு சக்கரத்தைப் பூட்டி, பேட்டரியை இணைத்து, பிஸ்மில்லாஹ் கூறிக் கிளப்பினோம்.

எஞ்சினின் ஓசை மட்டுமே கேட்டது. விளக்குகளையும் ஏ.சி.யையும் ஒருசேரப் போட்டோம். டென்ஷனரின் கை அசையாமல் நின்றது. பள்ளிவாசலில் ளுஹருக்கு பாங்கொலி எழுந்தது. நகக்கண்களில் படிந்த கிரீஸை ஊசிமுனையால் நோண்டி, சோப்புப் போட்டுப் பலமுறை கழுவிய பிறகே உளூச் செய்ய முடிந்தது. ஒவ்வொரு நாளும் ஆலைச் சங்கு ஊதிய பின், நம் தந்தையார் கிணற்றடியில் அரை மணி நேரம் கைகளைத் தேய்த்துக்கொண்டிருந்ததன் காரணம் அன்றுதான் விளங்கியது.

செவ்வாயன்று காரைக்காலுக்குப் போனோம். அன்றும் மழைதான். கொள்ளிடம் பாலத்தில் ஏறியபோது பின்னிருக்கையிலிருந்து தாயார் கேட்டார்கள்:

“சத்தத்தைக் காணோமே, யாரு சரி பண்ணுனது?”

“நானும் உங்க கொள்ளுப் பேரனும்தாம்மா” என்றோம்.

அவர்கள் சிறிது நேரம் பேசவில்லை. பிறகு சிரித்தபடி, “உங்கத்தாவுக்குத் தெரிஞ்சா ஏசியிருப்பாங்க. ஏசிட்டு, நான் தூங்கினப்பறம் வெளிய போயி, பெல்ட்டைக் கட்டைவிரலால அமுக்கிப் பார்த்துட்டு வந்திருப்பாங்க” என்றார்கள்.

நாம் பதில் கூறவில்லை. பாலம் முடியும் வரை பாதையிலிருந்து கண்ணை எடுக்கவும் இல்லை. மறுவாரம் பேரனின் பள்ளியிலிருந்து ஒரு படிவம் வந்தது. குடும்ப விவரம் கேட்டிருந்தார்கள். பாட்டனாரின் தந்தை வரையில் அதில் இடமில்லை. ஆயினும் அவனை அழைத்து, பூட்டனாரின் தொழில் என்ன என்று யாரேனும் கேட்டால் ‘ஃபிட்டர்’ என்று சொல்ல வேண்டும் என்றோம். அவர்களின் பிழைகளை இறைவன் பொறுத்து, கப்ரை விசாலமாக்கி வைப்பானாக. ஆமீன்.